கணிப்பொறியின் பழைய நூலகங்கள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் நூலகம், புத்தகங்களை அடுக்கி வைத்த நூலகம் அன்று. கணிப்பொறிக்குள்ளே இருந்து பணிபுரியும் நூலகம். நம்முள் பலர் அதனைக் கண்ணாற் கண்டதில்லை. அது இருக்கும் வரையில் அதன் பெயரையும் கேட்டிருக்க மாட்டோம். அது இல்லாமற் போன ஓர் இரவிலேதான் நமக்கு அதனோடு அறிமுகம் ஏற்பட்டது. ஆகவே அந்த இரவைப் பற்றி முதலிற் சொல்லிவிடுகிறோம்.

பிம்ப்ரியிலும், அதனை அடுத்த சிஞ்ச்வட், போசரி ஆகிய பகுதிகளிலும் ஆலைப் பணியை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. மாற்றலாகி வந்த நம்மைப் போன்ற அரசு ஊழியரும் அவர்களோடு சேர, சில நூறு குடும்பங்கள் ஒரு சங்கமாகக் கூடியிருக்கிறோம். பொங்கல் விழாவும், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் தமிழ் எழுத்து வகுப்பும் அச்சங்கத்தின் வெளிப்படையான பணிகள். வெளியே தெரியாத பணி ஒன்றும் உண்டு. அது ஒரு பதிவேட்டைக் காத்து வருவது. இன்னார் இந்தத் தெருவில் இருக்கிறார், அவருக்குச் சொந்த ஊர் இது, அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் ஊரில் முதலில் அறிவிக்க வேண்டியவர் இவர், அவருடைய முகவரி இது, தொலைபேசி எண் இது என்று அதில் குறித்து வைத்திருக்கிறோம். பிறந்த மண்ணைவிட்டுப் பல நூறு கல் தொலைவில் வாழ்வோர்க்கு அதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

2009-ஆம் ஆண்டில் சங்கத்து இளைஞர் ஒருவர், அந்தப் பதிவேட்டைக் கணிப்பொறியில் எழுதவும் தேடவும் ஒரு சிறு நிரலை அமைத்துக் கொடுத்தார். பெயரைத் தட்டினால் குடும்பம் வரும். ஊரைத் தட்டினால் அவ்வூரார் அனைவரும் வருவர். பின்னர் அவர் வேலைக்காக ஓசூருக்குச் சென்றுவிட்டார். நிரல் மட்டும் எவ்விதக் குறையுமின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது. அதற்கு ஒரு நாளும் யாரும் எண்ணெய் ஊற்றியதில்லை.

2021-ஆம் ஆண்டின் இறுதியில், கணிப்பொறி மெல்ல இயங்குகிறது என்று கருதி, அதிலிருந்த திறமூல இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். மாற்றுமுன் திரையில் ஒரு நீண்ட அறிவிப்பு வந்தது. நீக்கப்படும் பொதிகளின் பட்டியல் அதில் இருந்தது. அதனை எவரும் படிக்கவில்லை. 'சரி' என்று அழுத்திவிட்டோம். சில வாரங்கள் சென்றபின், ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றுத் தனியே வாழ்ந்திருந்த முதியவர் ஒருவர் இரவில் காலமானார். அவருடைய கைபேசி பூட்டப்பட்டிருந்தது. சங்கத்து அறையைத் திறந்து கணிப்பொறியில் நிரலை இயக்கினோம். நிரல் திறக்கவில்லை. தேவையான ஒரு தொகுதி காணப்படவில்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் திரையில் வந்து நின்றது. விடியும்வரை அதனோடு போராடினோம். கடைசியில், பெரியவரின் தகரப்பெட்டியில் கிடந்த பழைய உறை ஒன்றின் பின்புறத்திலிருந்து அவர் தம்பியின் முகவரி கிடைத்தது. தம்பி பிம்ப்ரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று காணாமற் போன அந்தத் தொகுதி எது? அதனை எடுத்தவர் யார்? எடுத்தது சரிதானா? இக்கேள்விகள் நம்மை நெடுநாள் விடவில்லை. நாம் கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் தள்ளுபவர். பொறியியல் அறிந்தவர் அல்லர். எனினும் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். வெளி மாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பலவற்றில் இத்தகைய பழைய கணிப்பொறி ஒன்று மூலையில் இருக்கக்கூடும் என்பது நமது எண்ணம்.

முதலில் நூலகம் என்பது யாது என்று பார்ப்போம். திரையில் ஒரு சன்னலை வரைவது, அதில் பொத்தானை அமைப்பது, எழுத்தைக் காட்டுவது, கடவுச்சொல்லைப் பிறர் அறியாவண்ணம் மறைப்பது முதலிய வேலைகள் ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் பொதுவானவை. அவற்றை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதுவதில்லை. ஒரு குழுவினர் எழுதி வைத்ததை ஏனையோர் எடுத்தாளுகின்றனர். அங்ஙனம் எடுத்தாளுவதற்கென்று தொகுத்து வைக்கப்பட்ட பொது நிரற்பகுதிகளையே நூலகம் என்கின்றனர். போசரிப் பட்டறைகளை அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒரு சிறு பட்டறை ஒரே வகைத் திருகாணியைக் கடைந்து பல வண்டிக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. வண்டியை வாங்குபவர் அந்தப் பட்டறையின் பெயரை அறியார். பட்டறை மூடப்பட்டால் வண்டி அன்றே நின்றுவிடுவதும் இல்லை. அடுத்த முறை பழுது பார்க்கும்போதுதான் தெரியும். ஆக்குர்டி ஆலையிலிருந்து ஒரு காலத்தில் நாடெங்கும் சென்ற சேத்தக் ஸ்கூட்டரின் பெட்ரோல் வடிவம் 2000-களின் இடைப்பகுதியில் நின்று போயிற்று. அதன்பின்னும் அதை விடாமல் ஓட்டியவர்கள் உதிரிப்பாகத்துக்காக எத்தனை கடை ஏறி இறங்கினார்கள் என்பதைப் பிம்ப்ரிக்காரரிடம் கேட்டால் சொல்வார்கள்.

நமது பதிவேட்டு நிரல் இரண்டு தூண்களின்மேல் நின்றிருந்தது. ஒன்று, பைத்தான் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு. மற்றொன்று, திரையில் சன்னலும் பொத்தானும் வரையும் ஜி.டி.கே. என்னும் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகப் பைஜி.டி.கே. என்ற ஒரு நூலகம் இருந்தது. நிரல் எழுதப்பட்ட 2009-ஆம் ஆண்டில் இம்மூன்றும் வழக்கில் இருந்தவையே. இளைஞர் செய்தது தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. பைஜி.டி.கே.யின் இறுதிப் பதிப்பு 2011-இல் வந்தது; அதனை ஆக்கியோரே இனி வேறு வழியிற் செல்லுங்கள் என்று கைகாட்டிவிட்டனர். பைத்தான் இரண்டாம் பதிப்புக்கு முதலில் 2015 என்று குறித்த முடிவுநாளை, மாறுவோர் சிரமம் கருதி, 2020-ஆம் ஆண்டு சனவரி 1 வரை நீட்டித்தார்கள். அதாவது நமக்குப் பதினோர் ஆண்டுகள் தவணை கிடைத்தது. அத்தவணை ஓடிக்கொண்டிருந்ததை நாம் அறியவில்லை.

இனி, நீக்குவோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறமூல இயங்குதளங்களுள் மூத்தவற்றில் ஒன்று டெபியன். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஈயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் ஊதியம் எதிர்பாராது அதனைக் காத்து வருகின்றனர். 2023 செப்டம்பரில் அவர்களுடைய ஆண்டு மாநாடு நம் நாட்டிலேயே, கொச்சியில் நடந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு எழுந்த இயங்குதளங்கள் பல. நம் அரசின் சி-டாக் நிறுவனம், அதன் சென்னைக் கிளையின் வாயிலாக, 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளமும் டெபியனின் வழிவந்ததே. அந்நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது நமது புணே நகரில்தான். ஆகவே, எங்கோ ஒரு தொண்டர் தம் வீட்டு மேசையிலிருந்து ஒரு பழைய நூலகத்தை நீக்கலாம் என்று எழுதும் கடிதம், சில ஆண்டுகள் கழித்து நம் நாட்டு அலுவலகம் ஒன்றின் மேசைக்கும் வந்து சேருகிறது.

நீக்கம் என்பது அங்கே அரிதான நிகழ்ச்சி அன்று. 2021-இல் வெளிவந்த டெபியன் 11-ஆம் பதிப்பில் 9,500-க்கும் மேற்பட்ட பொதிகள் வழக்கொழிந்தவை என்று நீக்கப்பட்டன. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் 6,200-க்கும் மேல். 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 8,800-க்கும் மேல். இவ்வளவு நீக்கியபின்னும் 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நீங்குவதைவிடப் புகுவது மிகுதி என்பதை இதிலிருந்து அறியலாம்.

'எவருக்கும் தொல்லை தராமல் ஓர் ஓரத்தில் கிடப்பதை ஏன் எடுக்க வேண்டும்? இடமா போதவில்லை?' என்று நாம் அந்நாளில் சற்றுக் கோபத்தோடு கேட்டதுண்டு. அதற்கு விடை பிம்ப்ரியிலேயே கிடைத்தது. 1954-ஆம் ஆண்டில் இவ்வூரில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். சுதந்திர இந்தியாவில் அரசுத் துறையில் பெனிசிலின் செய்யப் புகுந்த ஆலை அது. (ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தை அந்த ஆலையின் ஆராய்ச்சியாளர்கள் எடுத்த நுண்ணுயிர்க்கு, ஊரின் பெயரால், 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா' என்றே பெயரிட்டார்கள். இவ்வூர்ப் பெயர் அறிவியல் ஏட்டில் ஏறிய பெருமை இங்கு வாழும் பலருக்கே தெரியாது.) அத்தகைய மருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். புட்டியில் உள்ள மருந்து மாறுவதில்லை. ஆனால் வெளியே உள்ள கிருமிகள் கற்றுக்கொள்கின்றன. நேற்று அம்மருந்துக்கு அடங்கிய கிருமி இன்று அடங்குவதில்லை. மருந்தில் குறையில்லை, அதைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டது.

நூலகத்தின் நிலையும் இதுவே. 2002-இல் எழுதிய நிரல்வரி 2025-இலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கும். அதற்குத் துரு ஏறுவதில்லை. ஆயினும் அதில் உள்ள ஓட்டை எது என்பதை வெளியில் உள்ளோர் நாளுக்கு நாள் கண்டறிந்து வருகின்றனர். கண்டறிந்தபோது அதை அடைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால், அந்த நூலகத்தை நம்பிய நிரல்கள் அத்தனையும் திறந்த வீடுகளே. ஆள் இருந்தும் போதாமற் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 2014 ஏப்ரலில் கண்டது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது வங்கிகளும் அஞ்சல் நிலையங்களும் இணையத்தில் மறைபொருளாகப் பேசிக்கொள்ள உதவும் நூலகம். அதில் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே ஒரு பிழை இருந்தது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர் இட்டார்கள். உலகின் பெரும் நிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அந்த நூலகத்தை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பராமரித்து வந்தனர் என்பது அப்பொழுதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஆகவே நீக்கத்துக்குக் காரணம் மூப்பு அன்று. கேட்பாரற்ற நிலையே காரணம். இதை நாம் அழுத்திச் சொல்வதற்கு ஒரு சான்று உண்டு. யூனிக்கோடு பரவுவதற்கு முன், 1990-களின் பிற்பகுதியில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் இணையத்தின் வழியே கூடி உருவாக்கிய டிஸ்கி என்னும் தமிழ்க் குறிமுறையை உங்களில் சிலர் நினைவுகூரக் கூடும். இன்று அதில் புதிதாக எழுதுவோர் அரியர். தமிழ்நாடு அரசு 1999-இல் வேறு இரு குறிமுறைகளைத் தரமாக ஏற்று, பின்னர் 2010-இல் யூனிக்கோடுக்கு மாறிவிட்டது. எனினும் லினக்சு இயங்குதளங்களின் அடித்தளமாகிய ஜி.லிப்.சி. என்னும் நூலகத்தில், டிஸ்கி எழுத்தை யூனிக்கோடாக மாற்றித் தரும் ஒரு சிறு பகுதி இன்றும் இருக்கிறது. வயதைப் பார்த்தால் அது எப்பொழுதோ போயிருக்க வேண்டும். அந்த நூலகத்தைப் பேண ஆள் இருக்கிறது. ஆகவே அதன் ஒரு மூலையில் நமது பழைய எழுத்தும் இருக்கிறது.

நீக்கும் முறையைக் கேட்டபோது நமது கோபம் பெரிதும் தணிந்தது. ஒரு நூலகத்தை நீக்கக் கருதுவோர் முதலில் அதனைச் சார்ந்து நிற்கும் பொதிகள் எவையெனப் பட்டியல் எடுக்கின்றனர். பின்னர் ஒவ்வொரு பொதியின் பராமரிப்பாளருக்கும் தனித்தனியே குறைபாட்டறிக்கை அனுப்புகின்றனர். பைத்தான் இரண்டாம் பதிப்பின் வகையில் 2019-இல் இவ்வாறு அறிக்கைகள் திரள்திரளாகச் சென்றன. மாறியவர் மாறினர், மாறாதவற்றுக்கு எச்சரிக்கை கூடியது, இறுதியில் கேட்பாரற்ற பொதிகள் அடுத்த பதிப்புக்குரிய தொகுப்பினின்று தாமாகவே விழுந்துவிட்டன. டெபியன் 11-இல் பைஜி.டி.கே. இல்லை. பைத்தான் 2-இன் உயிர் மட்டும் சில தேவைகளுக்காக அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2023-இன் 12-ஆம் பதிப்பில் அதுவும் இல்லை. கடைசிப் பொதி இடம்பெயரும்வரை பொறுத்திருந்து அதன்பின்னரே அடித்தளத்தை எடுக்கின்றனர். அவசரக்காரர் செய்யும் வேலை அன்று இது. நீக்குவது எழுதுவதைக் காட்டிலும் கடினம் என்று அத்துறையினர் ஒருவர் நம்மிடம் சொன்னபோது, மொழிபெயர்ப்பில் ஒரு கலைச்சொல்லை மாற்ற நேரும்போது பழைய கோப்புகள் அனைத்தையும் புரட்ட நேர்வதை எண்ணிக்கொண்டோம்.

பெரியோரும் காலந்தாழ்த்துவர் என்பது நமக்குச் சிறிது ஆறுதல். ஜி.டி.கே. என்னும் நூலகம் முதன்முதலில் பிறந்ததே கிம்ப் என்னும் படம் திருத்தும் நிரலுக்காக. பிறகு அது தனியே வளர்ந்து பல்லாயிரம் நிரல்களுக்குப் பொதுவாயிற்று. இரண்டாம் பதிப்பு 2002-இலும், மூன்றாம் பதிப்பு 2011-இலும், நான்காம் பதிப்பு 2020 டிசம்பரிலும் வந்தன. நான்காவது வந்ததும் இரண்டாவதைப் பேணும் பணி நின்றது. ஆனால், எந்த நிரலுக்காக அந்நூலகம் பிறந்ததோ அந்தக் கிம்ப் இரண்டாம் பதிப்பை விட்டு மூன்றாம் பதிப்புக்கு வந்தது 2025 மார்ச்சு மாதத்தில்தான்! டெபியன் 13-இலும் ஜி.டி.கே. இரண்டாம் பதிப்பு இன்னும் இருக்கிறது. அதைச் சார்ந்தோர் சிலர் இன்னும் இடம் மாறவில்லை.

நம் நாட்டவர் ஒருவர் கதையும் உண்டு. மின்னூல்களை அடுக்கவும் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் உலகெங்கும் பயன்படும் காலிபர் என்னும் நிரலை 2006-இல் தொடங்கியவர் இந்தியரான கோவித் கோயல். அந்நிரல் முழுதும் பைத்தான் இரண்டாம் பதிப்பில் வளர்ந்தது. மாறும்படி பிறர் கேட்டபோது அவர் எளிதில் இசையவில்லை. அத்துணைப் பெரிய நிரலை மாற்றியெழுதுவதைவிடப் பைத்தான் 2-ஐத் தாமே பராமரித்துக்கொள்ளலாம் என்னும் கருத்தினராக இருந்தார். அதில் நியாயம் இல்லை என்று எவ்வாறு சொல்வது? ஓடுகிற வண்டியை நிறுத்தி எந்திரத்தை மாற்று என்றால் ஓட்டுபவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். பின்னர்ப் பிற தொண்டர்களும் கைகொடுக்க, 2020 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில் காலிபர் பைத்தான் 3-க்கு மாறிற்று. அதற்கென்று வெளியார் எழுதிய துணை நிரல்களுள் மாறாதவை அன்றோடு நின்றன. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்ட துணை நிரல்களுக்கு வேறு என்ன கதி?

தமிழரைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு. இதை அறிந்தபின் பைத்தான் 2 போனதற்காக நாம் வருந்துவதை விட்டுவிட்டோம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பைத்தான் 2-இல் அச்சொல்லை வழக்கமான முறையில் இட்டு அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை வரும். ஏனெனில் அது எழுத்தை எழுத்தாகக் காணவில்லை. அவ்வெழுத்தைச் சேமிக்கும் பைட்டுகளை மட்டும் எண்ணியது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். ஆகவே ஆங்கிலேயர்க்குக் கணக்குப் பிசகவில்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யு.டி.எப்.-8 முறையில் மூன்று பைட்டுகள் வேண்டும். பைத்தான் 3 உரையை யூனிக்கோடு உரையாகவே கொள்கிறது. அது 5 என்று விடை தரும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து. மூன்றுக்கு இன்னும் வரவில்லை என்பது உண்மை. அதற்குத் தமிழ் இலக்கணம் அறிந்த வேறு நூலகம் வேண்டும். ஓப்பன்-தமிழ் என்று ஒன்று இருக்கவும் செய்கிறது. எனினும் 15-க்கும் 5-க்கும் உள்ள தூரம் சிறிதன்று. ஒரு சொல்லை நடுவில் வெட்டினால் பாதி எழுத்து உடைந்து கட்டமும் வினாக்குறியுமாகத் திரையில் சிதறுவதைப் பழைய நிரல்களில் எத்தனை முறை கண்டு மனம் நொந்திருக்கிறோம்! ஆங்கிலம் ஒன்றையே மனத்திற்கொண்டு கட்டிய வீட்டில் நாம் இதுகாறும் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். அந்த வீடு இடிந்ததற்காக நாம் அழுவானேன்?

ஆயினும் ஒரு முறையீடு நமக்கு எஞ்சியே நிற்கிறது. எந்தப் பொதி எவ்வளவு பேரால் பயன்படுத்தப்படுகிறது என்று அறிய டெபியனில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. விருப்பமுள்ளோர் மட்டும் அதில் சேரலாம். சேர்ந்தவர் கணிப்பொறியில் உள்ள பொதிகளின் பட்டியல் தானே சென்று சேரும். பிறர் அந்தரங்கத்தில் தலையிடாத நல்ல ஏற்பாடு அது. ஆனால், சங்கத்து அறையில் இணையத்தொடர்பு அரைகுறையாக உள்ள நமது கணிப்பொறி அக்கணக்கில் ஒருநாளும் ஏறியதில்லை. நமது நிரலோ டெபியனின் பொதியே அன்று. ஒரு பிள்ளை நமக்காக எழுதிக் கொடுத்தது. சார்ந்து நிற்பவர் பட்டியலை அவர்கள் எத்துணை நேர்மையாக எடுத்தாலும் அதில் நம் பெயர் வாராது. அறிவிப்பு எழுதுவோர் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அதனைப் படித்திருந்தால் நாம் விழித்திருப்போம் என்பது மெய்யே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதைப் படிக்காததற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் சங்கத்தில் அக்கணிப்பொறியை அன்றாடம் கையாள்பவர் ஏழாம் வகுப்புவரை தமிழில் படித்த அம்மையார் ஒருவர். அவருக்கு அந்த அறிவிப்பு என்ன சொல்லும்? டெபியனை நிறுவும் கருவி தமிழில் பேசுகிறது; தொண்டர்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். புகும்போது தமிழில் வரவேற்றவர்கள், ஒன்றை எடுக்கும்போதும் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் நலமாக இருக்கும். இவ்வேலை நிரலாளருடையது அன்று, நம்மைப் போன்றவருடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பதிவேட்டின் கதையை முடித்துவிடுவோம். பெரியவரின் காரியங்கள் முடிந்தபின், செயலாளர் ஓசூருக்குத் தொலைபேசியில் பேசினார். குறை சொல்லும் எண்ணத்தோடுதான் தொடங்கினார். "தம்பி, நீ எழுதியது போய்விட்டதே" என்றார். "ஐயா, போனது கதவுதான், உள்ளே இருக்கிற சாமான் அப்படியே இருக்கும். நான் வருகிறேன்" என்றார் அவர். அடுத்த ஞாயிறு வந்தார். நீக்கப்பட்ட பழைய பதிப்புகள் எவையும் அழிக்கப்படுவதில்லை என்பதும், டெபியனின் காப்பகத்தில் அவை தேதிவாரியாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அன்று நாம் அறிந்தவை. 2005-ஆம் ஆண்டு தொட்டு அங்கே பொதிகள் சேர்ந்து வருகின்றன. பழைய பதிப்பு ஒன்றை அங்கிருந்து இறக்கி, வேறொரு கணிப்பொறியில், இணையத்தோடு இணைக்காமல் நிறுவினார். நிரல் பழையபடி திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண்ட அதே சாம்பல் நிறச் சன்னல்! அம்மையார் கண் கலங்கிவிட்டார்.

அவர் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடவில்லை. பதிவுகள் அனைத்தையும் வெறும் உரைக்கோப்பாக, யூனிக்கோடில், எந்த நிரலும் இல்லாமல் படிக்கத்தக்க வடிவில் வெளியே எடுத்தார். அவற்றுள் 2009-க்கு முற்பட்ட ஒரு பகுதி டிஸ்கியில் இருந்தது. திரையில் அது பிறமொழிக் கிறுக்கல் போலத் தெரிந்தது. மேலே சொன்னோமே, ஜி.லிப்.சி.யின் மூலையில் இருக்கும் அந்தச் சிறு பகுதி, அது ஒரே கட்டளையில் அவ்வளவையும் தமிழாக்கித் தந்தது. பிறகு மூன்று படிகள் அச்சிட்டோம். ஒன்று சங்க அறையில், ஒன்று செயலாளர் வீட்டில், ஒன்று நம்மிடம்.

தேடுவதற்குரிய நிரலைப் பைத்தான் 3-இலும் ஜி.டி.கே. மூன்றாம் பதிப்பிலும் அவர் மறுபடி எழுதிக் கொடுத்தார். நான்காம் பதிப்பு வந்துவிட்டதே என்று கேட்டோம். "அதற்கு இந்தப் பழைய கணிப்பொறி தாங்காது, ஐயா. மூன்றாவதை எடுக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள்" என்றார். அந்தப் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைப் படித்து, அம்மையாருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்து, கணிப்பொறியின் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறோம். 2023-இல் ஒட்டிய தாளின்மேல் 2025-இல் ஒன்று ஒட்டினோம்.

அச்சிட்ட படியைச் சரிபார்க்கும் பணி இன்னும் முடியவில்லை. வீடு மாறியவர்களையும், ஊரில் உறவினர் மறைந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுத் திருத்தி வருகிறோம். போசரிப் பக்கத்தில் மட்டும் நாற்பது வீடுகள் எஞ்சியிருக்கின்றன.